பான்ஷீக்கு எந்த சைலன்சர்? (கொஞ்சம் வரலாறு, நிறைய புகை)

ராஜ்தூத் 350 வச்சிருந்தவங்களுக்கும், அதை வச்சிருந்த அண்ணன்களை வாய் பிளந்து பார்த்தவங்களுக்கும் ஒரு விஷயம் நல்லாத் தெரியும். அந்த வண்டியில ரெண்டு வகை உண்டு. ஹை டார்க், லோ டார்க். 1983-ல எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோட ஆர்.டி.350-ஐ ராஜ்தூத் பேர்ல நம்ம ஊருக்குக் கொண்டு வந்தப்போ அதுக்கு 30.5 குதிரைத் திறன். பெட்ரோலைக் குடம் குடமா குடிக்குதுன்னு ஜனங்க அலறவும், கொஞ்ச நாள்ல 27 குதிரைக்கு இறக்கின மாடல் ஒண்ணு வந்தது. இறக்கினதுல பெரும்பங்கு எங்கே தெரியுமா? இன்ஜினுக்குள்ள இல்ல. சைலன்சர்ல. புகை போற வழியைக் கொஞ்சம் நெரிச்சு விட்டாங்க, மூணரை குதிரை காணாமப் போச்சு.

அதே இன்ஜினுக்கு அமெரிக்காவுல ஒரு சித்தப்பா பையன் இருக்கான். பேரு பான்ஷீ. யமஹா ஒய்.எஃப்.இசட்.350. நாலு தடியான டயர், நடுவுல ஒரு குதிரை சீட்டு, ஹேண்டில்பார். ஏடிவின்னு சொல்ற ஜாதியில ஸ்போர்ட்ஸ் ரகம். 347 சிசி, ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். சிலிண்டர் விட்டம் 64 மிமீ, ஸ்ட்ரோக் 54 மிமீ. நம்ம ராஜ்தூத் 350-க்கும் இதே 64, இதே 54. என்ன, ராஜ்தூத் காத்துல குளிரும், பான்ஷீ தண்ணியில குளிரும். இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்ல. ஆபீஸ்ல யாருகிட்ட போய்ச் சொல்றது? சொன்னா டெஸ்டிங் டீம்ல கூட மதிக்க மாட்டாங்க.

மதிச்ச ஒரே ஆள் என் டீம்ல இருக்கிற ஒரு பெரியவர். அரிசோனாக்காரர், ரிட்டயர்மெண்ட்டுக்கு நாலு வருஷம் பாக்கி. அவர் பழைய பான்ஷீ ஒண்ணை வாங்கிட்டு, "நீதான் இன்ஜினியரிங் படிச்சவனாச்சே, இதுக்கு எந்த பைப் போடலாம், சொல்லு" அப்டின்னு கேட்டார். நான் படிச்ச இன்ஜினியரிங்ல பைப்னா யூனிக்ஸ் பைப்தான். ஆனாலும் கேட்டுட்டாரே! தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்ட பெர்லின் சுவர் வரைக்கும் போயிடுச்சு மேட்டர். அதைத்தான் இங்கே எழுதுறேன். நீளமான பதிவு மக்களே, டீ எடுத்துட்டு வந்துடுங்க.

முதல்ல வண்டியோட கதை, வேகமா. 1970-ல ஹோண்டா யூ.எஸ்.90-ன்னு ஒரு மூணு சக்கர வண்டி விட்டது. விலை 595 டாலர். பனிக்காலத்துல பைக் விக்காத அமெரிக்க டீலர்களுக்கு விக்கிறதுக்கு ஏதாவது வேணுமேன்னு ஒசாமு டக்கெயுச்சிங்கிற இன்ஜினியர் பலூன் மாதிரி டயர் போட்டு செஞ்சது. அடுத்த வருஷமே பேரை ஏ.டி.சி.90-ன்னு மாத்திட்டாங்க. 89 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், 7 குதிரை. பொம்மை வண்டி. அதுக்கு யாரும் சைலன்சர் மாத்தணும்னு கனவு கண்டிருக்க மாட்டாங்க.

1981-ல அதே ஹோண்டா ஏ.டி.சி.250ஆர் விட்டப்போதான் ஆட்டம் மாறிச்சு. மோட்டோகிராஸ் பைக்ல இருந்து வந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினை மூணு சக்கரத்துல வச்சாங்க. மூணு சக்கரம், நல்ல வேகம், திருப்பத்துல வண்டி ஒரு பக்கம் தூக்கும். எண்பதுகள்ல நூத்துக்கணக்கானவங்க செத்தாங்க, அதுல நிறைய பேர் சின்னப் பசங்க. கடைசியில அமெரிக்க அரசு கோர்ட்டுக்குப் போய், 1988 ஏப்ரல்ல ஒரு ஒப்பந்தம் உறுதியாச்சு. ஹோண்டா, யமஹா, சுசூகி, கவாசாகி, போலாரிஸ் அஞ்சு கம்பெனியும் புது மூணு சக்கர வண்டி விக்கக் கூடாது. 16 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு 90 சிசிக்கு மேல உள்ளதை விக்கக் கூடாது. பத்து வருஷத்துக்கு ஒப்பந்தம்.

இதுக்கு நடுவுலயே நாலு சக்கரம் வந்தாச்சு. சுசூகி முதல்ல 1983 மாடலா ஒரு 125 சிசி வண்டி விட்டது. 1985-ல அதே சுசூகியோட எல்.டி.250ஆர், 1986-ல ஹோண்டா டி.ஆர்.எக்ஸ்.250ஆர், 1987-ல யமஹா பான்ஷீ. எல்லாம் டூ ஸ்ட்ரோக். எல்லாம் ரேஸ் வெறி பிடிச்ச வண்டிங்க. ஹோண்டா 1989-லயே தன் 250ஆரை நிறுத்திடுச்சு. பான்ஷீ மட்டும் அமெரிக்காவுல 2006 வரைக்கும் வித்தது, கிட்டத்தட்ட எந்த மாத்தமும் இல்லாம. இருபது மாடல் வருஷம்! நம்ம அம்பாசடர் மாதிரின்னு வச்சுக்குங்க.

இப்போ டூ ஸ்ட்ரோக்ல சைலன்சருக்கு ஏன் இவ்ளோ மவுசு? இதுக்குத்தான் கிழக்கு ஜெர்மனி போகணும்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜின்ல வால்வு கிடையாது. சிலிண்டர் சுவத்துல ஓட்டைங்கதான். பிஸ்டன் கீழ இறங்கும்போது முதல்ல புகை வெளிய போற ஓட்டை திறக்கும், அப்புறம் புதுக் கலவை உள்ள வர்ற ஓட்டை திறக்கும். மேல ஏறும்போது தலைகீழ் வரிசை, புகை ஓட்டை கடைசியாத்தான் மூடும். அதாவது, உள்ள வந்த புதுப் பெட்ரோல் கலவை, கதவு திறந்தே கிடக்கிறதால புகையோட சேர்ந்து வெளிய ஓடிடும். பழைய டூ ஸ்ட்ரோக் எல்லாம் பெட்ரோல் குடிச்சதுக்கு இதுதான் மூல காரணம்.

சாக்ஸனி பக்கம் சோப்பாவ்னு ஒரு ஊர். அங்கே போருக்கு முன்னாடி டி.கே.டபிள்யூ மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை இருந்தது. போருக்கப்புறம் அது கிழக்கு ஜெர்மனி அரசுக்குப் போய், எம்.இசட் ஆச்சு. அங்கே ரேஸ் பிரிவைப் பார்த்துக்கிட்டவர் வால்டர் காடன். 1919-ல பிறந்தவர். போர்க் காலத்துல ஹிட்லரோட வி-1 ராக்கெட்டுல வேலை பார்த்தவர்னு நிறைய இடத்துல எழுதியிருப்பாங்க, நம்பாதீங்க. அவர் வேலை பார்த்தது ஹென்ஷெல் கம்பெனியில, ஹெச்.எஸ்.293-ங்கிற ரேடியோவால ஓட்டுற குண்டுல. கதை சுவாரசியமா இருக்கட்டும்னு வி-1-ஐ ஒட்ட வச்சுட்டாங்க.

காடன்கிட்ட காசு கிடையாது, நல்ல உலோகம் கிடையாது, மேற்குல கிடைக்கிற பாகம் எதுவும் சுலபத்துல கிடையாது. இருந்தது ஒரு ஆசிலோஸ்கோப்பும், சத்தம் எப்படி நடந்துக்கும்ங்கிற அறிவும். புகை பைப்புக்குள்ள நடக்கிற அழுத்த அலையை அதுல பார்த்தார். கிணத்துக்குள்ள எட்டிப் பார்த்து கத்தினா சத்தம் திரும்பி வருதே, அதே சங்கதிதான். பைப் விரியுற இடத்துல அலை உறிஞ்சுற மாதிரி திரும்பி வரும். பைப் குறுகுற இடத்துல தள்ளுற மாதிரி திரும்பி வரும். அப்போ பைப்பை முதல்ல கூம்பு மாதிரி விரிச்சு, கொஞ்ச தூரம் போனதும் திருப்பிக் குறுக்கி, கடைசியில ஒரு சின்னக் குழாய் வச்சா? விரிவு முதல்ல சிலிண்டர்ல இருக்கிற புகையை உறிஞ்சும். கூடவே புதுக் கலவையும் கொஞ்சம் பைப்புக்குள்ள வந்துடும். சரியா கதவு மூடப் போற நேரத்துல குறுகலில் பட்டுத் திரும்பின அலை வந்து, ஓடி வந்த கலவையைக் காதைப் பிடிச்சு மறுபடியும் சிலிண்டருக்குள்ளயே தள்ளிடும். காசில்லாத டர்போன்னு சொல்லலாம்.

இந்த வயிறு பெருத்த பாம்பு மாதிரி பைப்புக்குப் பேரு எக்ஸ்பேன்ஷன் சேம்பர். எண்ணத்தை முதல்ல தொட்டவர் காடன் இல்ல, டி.கே.டபிள்யூல எரிக் வோல்ஃப் ஐம்பதுகளோட ஆரம்பத்துலயே குறுகுற கூம்பு வச்சுப் பார்த்தாச்சு. ஆனா அதை முழு விஞ்ஞானமா ஆக்கினவர் காடன்தான். 1961-ல அவரோட 125 சிசி ஒத்த சிலிண்டர் 25 குதிரை கொடுத்தது. லிட்டருக்கு 200 குதிரை! அதுவரைக்கும் காத்தை அழுத்தி ஊட்டாத எந்த இன்ஜினும் அதைத் தொட்டதில்ல.

அந்த 125-ஐ ஓட்டினவர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961 ஆகஸ்ட் 13-ம் தேதி பெர்லின்ல சுவர் எழும்பிச்சு. செப்டம்பர் 17-ம் தேதி ஸ்வீடன்ல கிறிஸ்டியான்ஸ்டாட் ஊர்ல கிராண்ட் ப்ரீ. டெக்னர் உலகப் பட்டத்துல முன்னணியில இருந்தார். ரேஸ்ல இன்ஜின் போயிடுச்சு. அந்த வாரக் கடைசியில அவர் மனைவியும் ரெண்டு சின்னப் பசங்களும் ஒரு காரோட டிக்கியில ஒளிஞ்சு எல்லையைத் தாண்டினாங்க. டெக்னர் டென்மார்க் வழியா மேற்கு ஜெர்மனி போய்ச் சேர்ந்தார். யோசிச்சுப் பாருங்க, ரேஸ் ஓட்டுற மனுஷன் ஒரு நாட்டுல, பொண்டாட்டி பிள்ளைங்க டிக்கிக்குள்ள இன்னொரு எல்லையில. பிடிபட்டிருந்தா?

டெக்னர் போய்ச் சேர்ந்த இடம் சுசூகி. 1961 சீசன்ல சுசூகியோட ரேஸ் வண்டிங்க படு மோசம். 1962-ல, முதல் தடவையா நடந்த 50 சிசி உலகப் பட்டத்தை டெக்னர் சுசூகியில ஜெயிச்சார். சுசூகிக்கு அதுதான் முதல் உலகப் பட்டம். கூடவே சில பாகங்களையும் வரைபடத்தையும் எடுத்துட்டுப் போனார்னு சொல்வாங்க. எடுத்துட்டுப் போனாலும் போகாட்டியும், தலைக்குள்ள இருந்ததே போதுமே. நாமளும் கம்பெனி மாறும்போது லேப்டாப்பைத் திருப்பிக் குடுத்துடுறோம், மூளையை யாரு வாங்கி வச்சுக்க முடியும்? ஜப்பான்ல சுசூகா ரேஸ் டிராக்ல இன்னிக்கும் டெக்னர் வளைவுன்னு ஒண்ணு இருக்கு. அவர் அங்கே விழுந்ததால வந்த பேரு. 1983-ல டெனெரிஃப் தீவுல செத்துப் போனார். காடன் எங்கயும் ஓடல. எம்.இசட்-லயே இருந்தார், 1996-ல காலமானார். எம்.இசட்டுக்கு கிராண்ட் ப்ரீ வெற்றி பல வந்தது, உலகப் பட்டம் ஒண்ணு கூட வரவே இல்ல. எனக்கு என்னமோ டெக்னரைக் குத்தம் சொல்லவும் மனசு வரல, காடனை நினைச்சா வயிறு எரியறதும் நிக்கல.

சுசூகி வழியா வெளிய வந்த வித்தை ஊர் பூரா பரவிச்சு. 1964-ல யமஹா டூ ஸ்ட்ரோக் வண்டியில ஃபில் ரீட் 250 சிசி பட்டம் ஜெயிச்சார். அதுக்கப்புறம் ரோட்டு பைக், மோட்டோகிராஸ் பைக், எல்லாத்துக்கும் இதே வயித்துப் பாம்புதான். 1984-ல நம்ம ஓசூர்ல இருந்து இந்த்-சுசூகி ஏ.எக்ஸ்.100 வந்ததே, அதைத் தயாரிச்ச கூட்டணியில இருந்ததும் இதே சுசூகிதான். சோப்பாவ், ஹமாமட்சு, ஓசூர். நல்ல ரூட்டு இல்ல?

அமெரிக்காவுல இந்த பைப் செய்யறதையே தொழிலாக்கினது தெற்கு கலிஃபோர்னியா கராஜ் ஆளுங்க. 1973-ல டான் எம்லர் தன்னோட கராஜ்ல ஆரம்பிச்சதுதான் எஃப்.எம்.எஃப். முழுப் பேரு பறக்கும் இயந்திரத் தொழிற்சாலைன்னு அர்த்தம் வரும். 1978-ல மிட்ச் பேட்டன் ஆரம்பிச்சது ப்ரோ சர்க்யூட். பாலைவன ரேஸ்ல விழுந்து 17 வயசுலயே நடக்க முடியாமப் போனவர் அவர். அந்தக் காலத்துல தகட்டை விசிறி மாதிரி வெட்டி, கூம்பாச் சுருட்டி, ஒண்ணோட ஒண்ணு வெல்டிங் வச்சு செய்வாங்க. 1973-ல கார்டன் ஜென்னிங்ஸ் டூ ஸ்ட்ரோக் டியூனர்களுக்காக ஒரு கையேடு எழுதினார். அதுல பைப் நீளம் கணக்குப் போடற வழி இருக்கு. அதுக்கப்புறம் யார் வேணா கராஜ்ல உக்காந்து பைப் வரையலாம்னு ஆச்சு.

கணக்குன்னதும் கை அரிச்சது. எக்ஸெல் ஷீட் திறந்தேன் (பொட்டி தட்டறவன் புத்தி). சும்மா ஒரு இன்ஜினை எடுத்துக்குங்க. அதோட புகை ஓட்டை ஒரு சுத்துல 190 டிகிரிக்குத் திறந்திருக்குன்னு வைங்க. 9,000 ஆர்.பி.எம்-ல ஒரு சுத்துக்கு 6.67 மில்லி செகண்ட். 360-ல 190 பங்குன்னா 3.52 மில்லி செகண்ட். சூடான புகைக்குள்ள அலை ஓடுற வேகம் தோராயமா செகண்டுக்கு 518 மீட்டர். அப்போ கதவு மூடறதுக்குள்ள அலை 1.82 மீட்டர் ஓடும். போகவும் வரவும் சேர்த்து அவ்ளோ, அதனால பைப் நீளம் அதுல பாதி. 91 செ.மீ. இதே இன்ஜின் 6,000 ஆர்.பி.எம்-ல நல்லா இழுக்கணும்னா? 137 செ.மீ நீளம் வேணும்.

இந்த ரெண்டு எண்ணை வச்சுக்கிட்டு யோசிச்சா, சைலன்சர் தேர்வுங்கிற மொத்த விவகாரமும் புரிஞ்சுடும். ஒரு பைப் ஒரு ஆர்.பி.எம்-லதான் முழு வேலை செய்யும். அதைச் சுத்தி கொஞ்ச தூரத்துக்குப் பரவாயில்ல. அதுக்குக் கீழ போனா அலை தப்பான நேரத்துல வந்து நின்னு இன்ஜினைக் கெடுக்கும். டூ ஸ்ட்ரோக் வண்டி ஒரு இடம் வரைக்கும் சோம்பேறியா இருந்துட்டு திடீர்னு பேய் பிடிச்ச மாதிரி பாயுதே, பவர்பேண்ட்னு சொல்றாங்களே, அது இதனாலதான். கூம்பு மெதுவா விரிஞ்சு மெதுவாக் குறுகினா அந்தப் பட்டை அகலமாகும், ஆனா உச்சி குறையும். சரிவு செங்குத்தா இருந்தா உச்சி ஏறும், பட்டை ஒடுங்கும். ரெண்டும் வேணும்னா கிடையாது. எந்தப் பட்டைன்னு முடிவு பண்றதுதான் பைப் வாங்கறது.

கலிஃபோர்னியாவுல கிளாமிஸ்னு ஒரு மணல் மேடு பிரதேசம் இருக்கு. அரிசோனா எல்லைகிட்ட. கண்ணுக்கு எட்டின வரைக்கும் மணல். அங்கே வண்டி பூரா நேரமும் முழு த்ராட்டில்ல, உச்ச ஆர்.பி.எம்-ல இருக்கும். விட்டா மணல் பிடிச்சுக்கும். அங்கே ஓட்டறவங்களுக்கு உச்சியில பாயுற பைப் வேணும். காட்டுப் பாதையில, மரத்துக்கு நடுவுல வளைஞ்சு போறவங்களுக்கு அது எமன். திருப்பத்துல இருந்து வெளிய வரும்போது வண்டி தூங்கும், அப்புறம் முழிச்சுக்கிட்டு நேரா மரத்துக்குப் பாயும். அவங்களுக்குக் கீழயும் நடுவுலயும் இழுக்கிற பைப்தான் லாயக்கு. பான்ஷீ ஆளுங்க மத்தியில எஃப்.எம்.எஃப் ஃபேட்டின்னா கீழ்-நடு இழுவைன்னு பேரு. டூமி கம்பெனியோட டி5-ன்னா எல்லா இடத்துலயும் ஓரளவு, நடுவுல இருந்து மேல வரைக்கும் நல்ல அகலமான பட்டைன்னு பேரு. இதுக்கு மேல நேர்க்கோட்டுல மணல் மேட்டு ரேஸ் விடறவங்களுக்குன்னு தனியா பைப் உண்டு, அதைப் பாதையில ஓட்டினா சாபம்தான்.

நம்ம பெரியவர் கிளாமிஸும் போவார், பேரப் பையனோட பைன் மரக் காட்டுக்கும் போவார். அதனால நான் டி5-ன்னு சொன்னேன். ஆனா பைப்போட ஆர்டர் பண்ணு பண்ணுன்னு நான் அரிச்சு எடுத்தது வேற ஒண்ணை. கார்புரேட்டர் ஜெட். இதைச் சொல்லாம சைலன்சர் பத்தி எழுதறது பாவம்.

நல்ல பைப் போட்டா இன்ஜின் அதிகக் காத்தை இழுக்கும். பெட்ரோல் அதே பழைய ஜெட் வழியா அதே அளவுதான் வரும். கலவை வறண்டுடும். ஃபோர் ஸ்ட்ரோக்னா இருமும், சூடாகும், கொஞ்சம் பொறுத்துக்கும். டூ ஸ்ட்ரோக் பொறுக்காது. ஏன்னா பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் போற எண்ணெயே பெட்ரோலோடதான் வருது. பெட்ரோல் குறைஞ்சா எண்ணெயும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் வீங்கும், சுவத்தோட ஒட்டிக்கும். நம்ம ஊர்ல இன்ஜின் ஜாம்னு சொல்வோமே, அது. பெரியவரோட வண்டியைக் கழட்டிப் பார்த்தப்போ ஒரு பிஸ்டனோட புகைப் பக்கம் பூரா செங்குத்தாக் கீறல், நகத்தால பிராண்டின மாதிரி. முந்தி வச்சிருந்த ஆள் யாரோ வெளி பைப் போட்டு ஓட்டிட்டு, விக்கும்போது கழட்டிட்டு பழைய சைலன்சரை மாட்டியிருக்கார். ஜெட் மட்டும் கம்பெனி ஜெட்டாவே இருந்திருக்கு. அந்த ஒட்டல் முழு வேகத்துல மணல் மேட்டு உச்சியில நடந்திருந்தா பின் சக்கரம் ரெண்டும் பூட்டிக்கும். ஓட்டறவர் வண்டிக்கு முன்னாடி பறப்பார். பேரனுக்கு 11 வயசு. அதனாலதான் அரிச்சேன். பைப் காசுல ஒரு துளிதான் ஜெட், ஆனா ஜனங்க பைப்புக்குக் காசு எண்ணி வச்சிட்டு ஜெட்டுக்குக் கணக்குப் பார்ப்பாங்க.

ஃபோர் ஸ்ட்ரோக் கதை சின்னது. 1999-ல ஹோண்டா டி.ஆர்.எக்ஸ்.400இ.எக்ஸ் விட்டு ஸ்போர்ட்ஸ் ஏடிவிக்கு மறுபடி உயிர் கொடுத்துச்சு. 2001-ல யமஹா ராப்டர் 660ஆர், 2004-ல ஒய்.எஃப்.இசட்.450. இவங்களுக்கு வயித்துப் பாம்பு தேவையில்ல, வால்வு இருக்கே. அலை இங்கேயும் கொஞ்சம் உதவும், ஆனா கொஞ்சம்தான். இங்கே தேர்வு ரெண்டு. பின்னாடி இருக்கிற டப்பாவை மட்டும் மாத்தறது, இல்லாட்டி சிலிண்டர்ல இருந்து வர்ற ஹெட்டர் பைப்போட சேர்த்து மொத்தமா மாத்தறது. டப்பா மட்டும் மாத்தினா எடை குறையும், சத்தம் கூடும், குதிரை கூடறது சொற்பம். ஹெட்டர் குழாயைப் பெருசாக்கினா புகையோட வேகம் குறைஞ்சு கீழ் ஆர்.பி.எம் இழுவை போகும். "பெரிய குழாய்னா பெரிய பவர்"ங்கிறது பைக் மெக்கானிக் கடை வாசல்ல மட்டும் செல்லுபடியாகிற விதி. 2006-ல ராப்டர் 700ஆர், சுசூகி எல்.டி-ஆர்450 எல்லாம் ஃபியூவல் இன்ஜெக்ஷனோட வந்ததும் ஜெட் போச்சு, அதுக்குப் பதிலா பெட்ரோல் கணக்கை மாத்தற எலெக்ட்ரானிக் டப்பா வந்துச்சு. பிரச்சினை அதேதான், ஸ்க்ரூ டிரைவருக்குப் பதில் லேப்டாப்.

இப்போ யாரும் பைப் வாங்கும்போது பார்க்காத ரெண்டு விஷயம். நெருப்பும் சத்தமும்.

புகையோட சூடான கரித் துகள் வெளிய வரும். காஞ்ச புல்லுல விழுந்தா காடே போகும். கலிஃபோர்னியா காடு எப்படி எரியும்னு டிவியில பார்த்திருப்பீங்க. அதனால அமெரிக்க வனத்துறை நிலத்துல ஓட்டற வண்டிக்கு ஸ்பார்க் அரெஸ்டர் இருந்தே ஆகணும். சைலன்சர் வாயில ஒரு கம்பி வலை, ஓட்டை 0.023 அங்குலத்துக்கு மேல போகக் கூடாது, அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சத்து மேல. இல்லாட்டி தட்டுத் தட்டா அடுக்கி, துகளைச் சுத்த விட்டு ஓரத்துல பிடிச்சு வைக்கிற வகை. வனத்துறை ஒத்துக்கிட்டதுன்னா சைலன்சர் மேலயே முத்திரை குத்தியிருக்கும். ரேஸுக்குன்னு விக்கிற பல பைப்ல இது கிடையாது, தனியா வாங்கி மாட்டணும். மாட்டினா ஒரு குதிரை போகும்னு அழறவங்களைப் பார்த்திருக்கேன். போகட்டுமே!

சத்தம்தான் அடுத்தது. மணல் மேடும் காடும் நிறைய இடத்துல அரசு நிலம். பக்கத்து ஊர்க்காரர் புகார் குடுத்தா ஓட்டற இடத்துக்குப் பூட்டு. கிளாமிஸ்லயே 2000-ல சுமார் 49,000 ஏக்கரை மூடினாங்க. அது சத்தத்தால இல்ல, பியர்சன் மில்க்வெட்ச்ங்கிற ஒரு சின்னச் செடிக்காக. 2013-ல புதுத் திட்டம் வந்து பெரும்பகுதியை மறுபடி ஓட்டறதுக்கு விட்டாங்க. ஆனா பூட்டறது எவ்ளோ சுலபம்னு எல்லாருக்கும் அப்போ உறைச்சது. கலிஃபோர்னியா 2003-ல ஒரு வரம்பு கொண்டு வந்தது. 1986-க்கு அப்புறம் செஞ்ச வண்டின்னா 96 டெசிபல், அதுக்கு முந்தினதுன்னா 101. இந்த டெசிபல் நம்ம மார்க் ஷீட் மாதிரி இல்ல, 3 கூடினாலே சத்தத்தோட சக்தி ரெண்டு மடங்கு. 102 டெசிபல் பைப் போட்டவர் தனியாளா வந்தாலும், 96 டெசிபல் வண்டி நாலு சேர்ந்து வந்த மாதிரிதான் கேக்கற கருவிக்கு.

2002 கடைசியில மத்திய சுற்றுச்சூழல் துறை புகைக்கும் விதி போட்டுது, 2006 மாடல்ல பாதி, 2007-ல முழுசுன்னு ஏடிவிகளுக்கு அமலாச்சு. டூ ஸ்ட்ரோக்கால அந்தக் கணக்கைத் தாண்ட முடியல. பான்ஷீ அமெரிக்காவுல 2006-ஓட நின்னது அதோட சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். காடன் ஓடற கலவையைக் காதைப் பிடிச்சு இழுத்து வந்தார்தான், ஆனா பவர்பேண்டுக்கு வெளிய அது ஓடிப் போய்க்கிட்டேதான் இருந்தது. எரியாத பெட்ரோலும் எண்ணெயும் நேரா காத்துல. ராஜ்தூத் பின்னாடி ஸ்கூட்டர்ல போன எங்கப்பா சட்டையில வந்த வாசனையே அதுக்குச் சாட்சி.

கடைசியா ஒரு உபயோகமான சங்கதி. சத்தம் அளக்கிற ஆபீசர் பைப் வாயில இருந்து 20 அங்குலம் தள்ளி, 45 டிகிரி கோணத்துல மைக்கைப் பிடிப்பார். இன்ஜினை உச்ச ஆர்.பி.எம்-ல பாதியில ஓட்டச் சொல்வார். புது சைலன்சர்ல பாஸ் ஆன வண்டி ரெண்டு சீசன் கழிச்சு ஃபெயில் ஆகும். காரணம் உள்ள சுத்தியிருக்கிற ஃபைபர் பஞ்சு. டூ ஸ்ட்ரோக்ல அது எண்ணெயில ஊறிப் போய்க் கட்டி தட்டிடும், ஃபோர் ஸ்ட்ரோக்ல சூட்டுல பொசுங்கி பின்வழியாப் பறந்துடும். அதனால வாங்கும்போதே பின் மூடி ரிவெட்டா, போல்ட்டான்னு பாருங்க. போல்ட்டா இருந்தா அரை மணி நேரத்துல கழட்டிப் புதுப் பஞ்சு சுத்திடலாம். ரிவெட்னா டிரில் போட்டுத் தோண்டணும், திரும்ப அடிக்க ரிவெட் துப்பாக்கி வேணும். துருப்பிடிக்காத ரிவெட்டா வாங்குங்க, அலுமினியம் ரிவெட் அந்த ஆட்டத்துக்குத் தாங்காது.